பெல்ட் அணிந்திருந்தவரை ‘அணியவில்லை’ என்று எழுதிய அறிக்கை குறித்து

அனுப்புநர்:
நடமாடும் மருத்துவ வேன் கவிழ்ந்ததில் கழுத்து முறிந்த ஆய்வகப் பணியாளரின் கணவர்,
தையற்கடை, சந்தைக்குப் பின்புறத் தெரு.
(தற்போது பகலில் கிடைக்குமிடம்: மருத்துவமனை, எலும்பு முறிவுப் பிரிவு, இரண்டாம் தளம், பதினோராம் படுக்கை)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வாகனப் பாதுகாப்புத் துறை,
தலைமை அலுவலகம்.
(தாங்களே பிரித்துப் படிக்க வேண்டுகிறேன்)

பொருள்: வேன் கவிழ்ந்தபோது சீட் பெல்ட் அணிந்திருந்தும் தலையும் கழுத்தும் காக்கப்படாமல் போனது – உயர்த்திய இருக்கை, வெட்டிய கூரை, நீட்டிய பெல்ட் ஆகியவை பற்றி விசாரிக்கவும், அதே பட்டறையில் கட்டிய மற்ற ஐந்து வேன்களை நிறுத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் துறை ஆய்வாளரின் விபத்து அறிக்கை. 2. நான் முன்பு அளித்த இரு மனுக்கள்.

மதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

1. நான் இருபத்தாறு ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்து வருபவன். மனு எழுதிப் பழக்கமில்லை. மொழியில் பிழையிருந்தால் பொறுத்தருளவும். கீழே கொடுத்துள்ள அளவுகளில் பிழை இராது.

2. என் மனைவி, ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் நடமாடும் மருத்துவ வேனில் இரத்த மாதிரி எடுக்கும் பணியில் ஒன்பது ஆண்டுகளாக இருந்தவர். கடந்த ஜனவரி 9 அன்று காலை ஏழே முக்கால் மணியளவில் அவர் சென்ற வேன், புறவழிச்சாலை வளைவில் கொட்டிக் கிடந்த மணலில் சறுக்கி, ஓரத்துத் தடுப்பின் மீது ஏறி, ஒன்றரை முறை உருண்டு தலைகீழாக நின்றது. வண்டியில் இருந்தவர்கள் மூவர். முன்னிருக்கையில் ஓட்டுநர். பின்னால் இடப்பக்கம் செவிலியர். வலப்பக்கம் என் மனைவி. மூவரும் பெல்ட் அணிந்திருந்தனர். ஓட்டுநருக்கு நெற்றியில் சிராய்ப்பு. செவிலியருக்கு முழங்கை முறிவு. என் மனைவிக்குக் கழுத்தெலும்பில் ஐந்தாவது நொறுங்கிவிட்டது.

3. ஒரே வண்டி, ஒரே உருளல், மூவருக்கும் பெல்ட் என்றிருக்க, ஒருவருக்கு மட்டும் ஏன் இப்படி என்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேட்டேன். அவர் தம் உள்ளங்கையை என் உச்சந்தலையில் வைத்து அழுத்திக் காட்டினார். “தலை மேல போய் முட்டி நின்னுடுச்சு. ஆனா உடம்பு நிக்கல, பின்னாடியே வந்துடுச்சு. நடுவுல கழுத்து மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான்” என்றார். மேலும், இடுப்பெலும்பின் இருபுறமும் நான்கு விரல் அகலத்திற்குக் கன்றிப்போன தடம் இருப்பதைக் காட்டி, அது பெல்ட்டின் தடம் என்று மருத்துவக் குறிப்பில் எழுதியுள்ளார். அதன் நகல் இணைப்பு ஒன்று. என் மனைவிக்குத் தற்போது கால்களில் அசைவு இல்லை. இடக்கையில் மூன்று விரல்கள் அசைகின்றன. பேச்சும் நினைவும் தெளிவாக உள்ளன. இதைக் குறிப்பாக எழுதக் காரணம், அறிக்கையில் “பாதிக்கப்பட்டவர் பேசும் நிலையில் இல்லை” என்று உள்ளது. அந்த வாரம் முழுவதும் அவர் என்னிடம், கடையின் மின் விசிறியை அணைத்தேனா என்பதுவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

4. விபத்து நடந்த மூன்றாம் நாள், என் மனைவியின் உடைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வார்டில் கொடுத்தனர். துவைக்கலாம் என்று வீட்டில் பையைக் கொட்டியபோது, சுருட்டிய உடைகளுக்கு நடுவே ஒரு பெல்ட் துண்டு கிடந்தது. ஒரு முனை கத்தியால் அறுக்கப்பட்டது. மறுமுனையில் உலோக நாக்கு, கொக்கிக்குள் மாட்டியபடியே இருந்தது; கொக்கியின் பட்டையும் அறுபட்டிருந்தது. மீட்பில் ஈடுபட்ட தீயணைப்பு வீரரை அவரது நிலையத்தில் தேடிச் சென்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நான்தான் ரெண்டு பக்கமும் அறுத்தேன். பக்கிள அமுக்கிப் பார்த்தேன், திறக்கவே இல்ல. அந்தம்மா இடுப்பு அதுல மாட்டித் தொங்குது, தலை கீழ கூரைல மடிஞ்சு கிடக்குது. அறுக்காம எப்படி எடுக்கறது?” அவர் எழுதித் தந்த வாக்குமூலம் இணைப்பு இரண்டு. அணியாத பெல்ட்டை யாரும் கத்தியால் அறுத்து ஆளை மீட்க மாட்டார்கள் என்பது தங்கள் மேலான கவனத்திற்கு.

5. இனி எழுதப்போவதை மறைத்துவிட்டு மனு கொடுக்கலாமா என்று பல நாள் யோசித்தேன். மறைத்தால் மேற்படி துண்டை நான் தங்களிடம் காட்ட முடியாது. அதில் உள்ள ஒட்டுத் தையல் என்னுடையது.

சென்ற ஆண்டு ஆகஸ்டில், நிறுவனம் தன் ஆறு வேன்களையும் ஒரு பாடி கட்டும் பட்டறையில் மாற்றியமைத்தது. பின்னிருக்கை இரண்டிற்கும் அடியில் மருந்துப்பெட்டி வைக்க இரும்புக் கூண்டு வைத்து, இருக்கைகளை அதன்மேல் ஏற்றிவிட்டனர். தரையில் பொருத்தியிருந்த பழைய பெல்ட் அந்த உயரத்திற்கு எட்டவில்லை. நிறுவனத்தின் போக்குவரத்து மேற்பார்வையாளர், என் மனைவியின் கணவர் தையற்காரர் என்று அறிந்து, பன்னிரண்டு பெல்ட்டுகளைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தனுப்பினார். மனைவி அவற்றைத் தையல் மேசையில் வைத்து, “என்னங்க, ஒன்றரைச் சாண் நீட்டித் தரணுமாம். கொஞ்சம் தாராளமாவே வெச்சிடுங்க, எல்லாரும் ஒரே சைஸா இருக்கோம்?” என்று சிரித்தார். தோளுக்கு வரும் பட்டை இல்லையா என்று கேட்டேன். சுருளும் டப்பாவும் தோள்பட்டையும் வைக்கப் புதிய இருக்கையில் இடமில்லை என்று எடுத்துவிட்டதாகவும், இனி இடுப்புக்கு மட்டும்தான் என்றும் சொன்னார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. அழுத்தமான நைலான் நூலில், பெட்டி போட்டு நடுவே பெருக்கல் குறியாக, ஒவ்வொன்றையும் இரண்டு முறை தைத்தேன். தையலை இழுத்துப் பார்த்தேன். பிரியவில்லை. விபத்தன்றும் பிரியவில்லை. தையல் பிரியாமல் இருந்தால் போதும் என்று நினைத்ததுதான் என் அறியாமை. பெல்ட் எவ்வளவு தளர்வாக இருக்கிறது, அணிந்தவர் அதற்குள் எவ்வளவு தூரம் எழும்பலாம் என்பதை நான் யோசிக்கவில்லை. ஆடைக்குத் தாராளம் விட்டுப் பழகிய கை.

6. அறிக்கைக்கு வருகிறேன். அது ஒன்றரைப் பக்கம். முடிவு ஒரே வரி: “பின்னிருக்கைப் பயணி சீட் பெல்ட் அணியாததால் தூக்கி எறியப்பட்டுக் காயமுற்றார், வாகனத்தில் குறையில்லை.” இதில் எனக்கு எழும் ஐயங்கள்:

அறிக்கைப்படி ஆய்வாளர் வேனைப் பார்வையிட்ட நாள் ஜனவரி 17. அந்த வேன் ஜனவரி 14 அன்றே பழைய இரும்புக் கடைக்குப் போய், அன்று மாலையே நசுக்கப்பட்டுவிட்டது. கடைக்காரர் கொடுத்த சீட்டின் நகல் இணைப்பு மூன்று. மூன்று நாள் முன்பே தகடாகிவிட்ட வண்டியில் ஆய்வாளர் எந்தக் கதவைத் திறந்து எந்த இருக்கையைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

“வலப்பக்கப் பின்னிருக்கையின் பெல்ட் முழுமையாக, பயன்படுத்தப்படாமல், தன் சுருளில் இருந்தது” என்று எழுதியிருக்கிறார். சுருளே இல்லாத பெல்ட் எப்படிச் சுருளில் இருக்கும்? அந்தப் பெல்ட்டின் நாக்கு அப்போது என் வீட்டு அலமாரியில் அல்லவா இருந்தது?

அறிக்கையுடன் உள்ள புகைப்படத்தில் கூரை வழுவழுவென்று இருக்கிறது. கவிழ்ந்த வேனின் கூரைமேல் பட்டறையில் பொருத்தியிருந்த ஏ.சி. பெட்டியே இதில் காணோம். அது வேறொரு வண்டி என்பதே என் ஐயம். ஓட்டுநரிடம் படத்தைக் காட்டினேன். “இது நம்ம வண்டியே இல்லண்ணே. நம்ம வண்டில ஏறினாலே மேல அந்தப் பெட்டி கடகடன்னு ஆடும், பேசறது காதுல விழாது” என்றார்.

7. ஜனவரி 20 அன்று போக்குவரத்து மேற்பார்வையாளர் பழப்பையுடன் வார்டுக்கு வந்தார். என் மனைவியின் தலைமாட்டில் பத்து நிமிடம் நின்று ஆறுதல் கூறினார். பிறகு என்னை மாடிப்படிக்கு அழைத்துச் சென்று, ஏற்கெனவே தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். விபத்து குறித்து எனக்குப் புகார் ஏதுமில்லை என்று அதில் இருந்தது. நான் வாங்கவில்லை. அப்போது அவர் குரலைத் தாழ்த்தி, “அந்தப் பெல்ட் துண்டு உங்ககிட்ட இருக்குன்னு கேள்விப்பட்டேன். பத்திரமா என்கிட்ட குடுத்துடுங்க. அதுல இருக்கறது யாரு தையல்னு நான் சொல்லணுமா? கேஸுன்னு வந்தா முதல்ல உள்ள போறது நீங்கதான். அப்புறம் அவங்கள யாரு பார்த்துக்குவா?” என்றார்.

துண்டு கிடைத்ததை நான் மூவரிடம் மட்டுமே கூறியிருந்தேன்: என் மனைவி, தீயணைப்பு வீரர், அறிக்கைக்காக என்னை விசாரித்த தங்கள் ஆய்வாளர். முதல் இருவரில் யாரும் மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. இதற்குமேல் இது குறித்து எழுதுவது முறையாகாது. தாங்களே ஊகித்தறியலாம்.

அன்றிலிருந்து அந்தத் துண்டு என் வீட்டிலும் இல்லை, கடையிலும் இல்லை. அது இருக்குமிடத்தை இம்மனுவிலும் எழுதவில்லை. தங்களை ஐயுறுவதாக எண்ண வேண்டாம். இம்மனு தங்கள் கைக்கு வருமுன் எத்தனை கைகள் மாறும் என்பது எனக்குத் தெரியாது.

8. உடனிருந்த செவிலியர், விபத்தன்று மாலை கட்டுப்போட்ட கையுடன் எங்களைப் பார்க்க வந்தபோது, “அக்கா பெல்ட் போட்டாங்கண்ணா. டிக்குனு சத்தம் கேட்டுச்சு, என்னையும் போடச் சொன்னாங்க” என்று பலர் முன்னிலையில் கூறினார். அறிக்கையில் அவர் வாக்குமூலம் “நான் கவனிக்கவில்லை” என்றுள்ளது. அவரிடம் பின்னர் கேட்டேன். “என்னைத் தப்பா நினைக்காதீங்கண்ணா, எழுதி வெச்சிருந்தாங்க, கையெழுத்து மட்டும் போட்டேன்” என்று அழுதார். வயதான தாய் தந்தையரை ஒற்றைச் சம்பளத்தில் காப்பவர். அவர்மீது எனக்குக் குறையில்லை. அவர்மீது எவ்வித நடவடிக்கையும் வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். எழுதி வைத்திருந்தது யார் என்பதை மட்டும் விசாரிக்கவும்.

9. அழிக்கப்பட்ட வேனை இனி அளக்க இயலாது. ஆனால் அதே பட்டறையில், அதே அச்சாகக் கட்டிய ஐந்து வேன்கள் தினமும் ஓடுகின்றன. பிப்ரவரி 26 அன்று நண்பகலில், அவற்றுள் ஒன்று மருத்துவமனை வாசலில் நின்றிருந்தபோது, விபத்தன்று ஓட்டியவரும் இப்போது இதை ஓட்டிவருபவருமான அதே ஓட்டுநரின் அனுமதியோடு உள்ளே ஏறி அளந்தேன். தம்மைக் குறிப்பிடலாம் என்று அவர் சம்மதம் தந்துள்ளார். “என் உச்சி மேல இருந்தது கம்பெனிக் கூரை, அதான் தப்பிச்சேன். அவங்க மேல இருந்தது பட்டறைக் கூரை. சொல்லுங்க, நான் வந்து சொல்றேன்” என்றார்.

பின்பகுதியில் வலப்பக்க இருக்கைக்கு நேர்மேலே ஏ.சி. பெட்டிக்காகக் கூரையைச் சதுரமாக வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் குறுக்கே ஓடிய கூரைச் சட்டம் ஒன்று அறுபட்டு, இரு துண்டும் எதையும் தாங்காமல் நிற்கிறது. பெட்டியைத் தாங்க, விளிம்பு மடிக்காத இரும்புச் சட்டம் ஒன்றை வெல்டிங் செய்திருக்கிறார்கள். வண்டி கவிழ்ந்தால் பெட்டியின் எடையும் வண்டியின் எடையும் அந்தச் சட்டத்தை உள்ளேதான் தள்ளும். அதன்மீது ஸ்பாஞ்சு, துணி, ரப்பர் எதுவுமில்லை. வெளியே தெரியாமலிருக்க மெல்லிய ரெக்சின் மட்டும் ஒட்டியுள்ளது. விரலால் அழுத்தினால் இரும்பு தட்டுகிறது.

நான் என் மனைவியைவிட ஒரு விரற்கடை உயரம். அந்த இருக்கையில் அமர்ந்தேன். என் உச்சிக்கும் இரும்புச் சட்டத்திற்கும் இடையே இருந்தது நான்கு விரற்கடை. இடப்பக்கம், செவிலியர் அமரும் இருக்கையில், கூரை வெட்டப்படாததால் அதே அளவு பதினொரு விரற்கடை. பிறகு மறுபடியும் வலப்பக்கம் வந்து பெல்ட்டை மாட்டினேன். என் தையல் என் மடியில் கிடந்தது. தொழிலுக்கு வந்த நாள்முதல் என் தையலை நானே இப்படிப் பார்த்ததில்லை. பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும், ஒட்டுப் போட்ட தடிப்பு கொக்கியில் சிக்கி அதற்குமேல் இழுபடவில்லை. கைகளை ஊன்றி மெல்ல எழும்பினேன். தலை இரும்பில் முட்டிய பிறகும் பெல்ட்டுக்கும் என் இடுப்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது. அதாவது, ஐயா, அந்த இருக்கையில் பெல்ட் பிடிப்பதற்கு முன்பே தலை போய் மோதிவிடும். அணியாதவருக்கு நேர்வது அணிந்தவருக்கும் நேரும். ஓட்டுநர் “போதும்ண்ணே, இறங்குங்க” என்று இருமுறை சொன்ன பின்பே நான் இறங்கினேன்.

10. இவற்றை விளக்கித் தங்கள் துறையின் கிளை அலுவலகத்தில் பிப்ரவரி 28, மார்ச் 10 ஆகிய நாட்களில் இரு மனுக்கள் கொடுத்தேன். இரண்டிற்கும் ஒரே பதில் வந்தது: “தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது, அறிக்கையில் மாற்றமில்லை.” கீழே கையொப்பமிட்டிருப்பவர் அதே ஆய்வாளர். நேரில் சென்று, குறை சொல்லப்பட்டவரிடமே குறையை எப்படி அனுப்பினீர்கள் என்று எழுத்தரிடம் கேட்டேன். “அவரோட ரிப்போர்ட்ட பத்தி அவர்கிட்டதானே சார் கேட்க முடியும்? எனக்கென்ன வண்டியைப் பத்தி தெரியும்?” என்றார். மறுப்பதற்கில்லை. நானே அங்கிருந்த நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்து, அவர் சொன்னது சரிதானோ என்று யோசித்துவிட்டுத்தான் வந்தேன்.

மேலும், அந்த அலுவலகத்தில் முதல் மனுவுடன் நான் இணைத்திருந்த பெல்ட் துண்டின் புகைப்படங்கள் மூன்றும் கோப்பில் இல்லை என்று எழுத்தர் கூறினார். ஊசி குத்திய துளை மட்டும் தாளில் உள்ளது. ஆகவேதான் இம்முறை நேரே தங்களுக்கு எழுதுகிறேன். இதன் நகல்கள் வேறு இரு நம்பகமான இடங்களிலும் உள்ளன.

11. எனவே ஐயா அவர்களிடம் நான் வேண்டுவது:

முதலாவதாக, மற்ற ஐந்து வேன்களும் நாளைக் காலையும் ஏழு மணிக்குக் கிளம்பும். அவற்றின் பின்னிருக்கைகளில் பத்துப் பேர், நான் தைத்த பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பத்திரமாக இருக்கிறோம் என்று நம்பி அமர்வார்கள். விசாரணை எவ்வளவு நாள் ஆனாலும் ஆகட்டும். அந்த இருக்கைகளில் யாரும் உட்காரக்கூடாது என்ற ஓர் உத்தரவை மட்டும் முதலில் போடுங்கள்.

மேற்படி ஆய்வாளர் அல்லாத வேறொருவர், என் முன்னிலையிலோ ஓட்டுநர் முன்னிலையிலோ, அந்த வேன்களை அளக்க வேண்டும். அளவுநாடா இல்லையென்றால் நான் கொண்டு வருகிறேன். கூரை வெட்டியவர், வெட்டச் சொன்னவர், வெட்டிய பின்னும் தகுதிச் சான்று அளித்தவர் மூவரும் தனித்தனியே விசாரிக்கப்பட வேண்டும். மூவரையும் ஒரே அறையில் வைத்து விசாரித்தால் மூவர் சொல்வதும் ஒன்றாகத்தான் இருக்கும்.

வண்டி உருளும்போது தலையும் கழுத்தும் தப்ப, பெல்ட் மட்டும் போதாது என்பதை இந்த எழுபத்திரண்டு நாளில் மருத்துவர், ஓட்டுநர், தீயணைப்பு வீரர் ஆகியோரிடம் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெல்ட் தோளையும் இடுப்பையும் சேர்த்து, தளர்வில்லாமல் பிடிக்க வேண்டும். கூரை தலைமீது இறங்காத வலுவோடு இருக்க வேண்டும். தலைக்கும் கூரைக்கும் போதிய இடைவெளி வேண்டும். மோதக்கூடிய இடத்தில் மெத்தென்ற உறை வேண்டும். இருக்கையை உயர்த்தியோ கூரையை வெட்டியோ மாற்றியமைக்கும் ஒவ்வொரு வண்டியிலும், ஆளை உட்காரவைத்து இவை நான்கையும் அளந்த பிறகே சான்று வழங்கும்படி தாங்கள் உத்தரவிட வேண்டும். இது பெரிய கருவி தேவைப்படும் வேலையில்லை. நான் அரைமணி நேரத்தில் செய்தேன்.

அறிக்கையில் “பெல்ட் அணியாததால்” என்ற சொற்கள் நீக்கப்பட வேண்டும். என் மனைவி இதைக் கேட்டபோது அழவில்லை. “நான் போட்டேனே, நர்ஸையும் போடச் சொன்னேனே” என்று மட்டும் அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சில நாட்களாக, “ஒருவேளை நான் போடலியோ?” என்று என்னிடமே கேட்கத் தொடங்கியிருக்கிறார். அச்சடித்த தாளுக்கு அவ்வளவு வலு இருக்கிறது.

இறுதியாக, என்னையும் விசாரணையில் சேர்க்கவும். பன்னிரண்டு பெல்ட்டுகளை, எதற்கு என்று கேட்டும் சரியாகக் கேட்காமல், நீட்டித் தைத்தவன் நான். அதற்குரிய தண்டனை எதுவோ அதை ஏற்கிறேன். என் தையலைக் காட்டி என்னை வாய்மூடச் செய்யலாம் என்று மேற்பார்வையாளர் எண்ணுவதால், அதை நானே தங்களிடம் முன்வைக்கிறேன். பெல்ட் துண்டைத் தாங்கள் நேரில் அழைக்கும் நாளில், தங்கள் மேசைமீது, தங்கள் கையில் மட்டும் ஒப்படைப்பேன். அதே நூலில், அதே ஊசியில், தங்கள் கண்முன் ஒரு தையல் போட்டுக் காட்டவும் தயார்.

தங்களின் நேரடிப் பார்வையை மட்டுமே நம்பி இதை முடிக்கிறேன்.

இடம்: மருத்துவமனை, பதினோராம் படுக்கை அருகில்
நாள்: மார்ச் 22

பணிவுடன்,
மனுதாரர் – தையற்காரர்
(கையொப்பம்)

இணைப்புகள்: மருத்துவக் குறிப்பின் நகல், தீயணைப்பு வீரரின் வாக்குமூலம், பழைய இரும்புக் கடைச் சீட்டின் நகல், வேனின் இரு பின்னிருக்கைகளின் அளவுகள் (வரைபடத்துடன்), பெல்ட் துண்டின் புகைப்படங்கள் மூன்று (இம்முறை ஊசியால் குத்தவில்லை, தாளோடு சேர்த்துத் தைத்துள்ளேன், எடுத்தால் தெரியும்).

பின்குறிப்பு: இம்மனுவை அனுப்புமுன் என் மனைவிக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். என் தையல் பற்றிய ஐந்தாம் பத்தியை எடுத்துவிடச் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. “நான்தானே கொண்டுவந்து குடுத்தேன், என் பேரையும் சேர்த்துக்கங்க” என்றார். அதன்படி கீழே உள்ள கையொப்பம் அவருடையது. இடக்கையின் மூன்று விரல்களால், பேனாவை நான் பிடிக்காமல், அட்டையை மட்டும் பிடித்துக்கொள்ள, அவரே இட்டது. இரண்டாம் எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. நிறுவனத்தில் உள்ள பழைய கையொப்பத்தோடு இது ஒத்துப்போகாது. போலி என்று யாரேனும் தங்களிடம் கூறினால், அருள்கூர்ந்து நேரில் வந்து கேளுங்கள். இன்னொரு முறை போட்டுக் காட்டுவதாகச் சொல்கிறார். அதற்கு அவருக்குப் பதினைந்து நிமிடம் ஆகும்.